நஜாத்தின் பண்ணையில் ஒரு கூடாரம்

நஜாத் டீச்சருக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் உயிர். குண்டு போடுகிற, ஆளைத் துரத்திச் சுடுகிற விளையாட்டு அல்ல. அதையெல்லாம் இராக்கில் எங்கள் நாசிரியா ஊர்க்காரர்கள் வாசலிலேயே போதுமான அளவு பார்த்துவிட்டார்கள். அவளுக்குப் பிடித்தவை வேலை வாங்குகிற விளையாட்டுகள். ரொட்டிக்கடை நடத்துவது, மீன்தொட்டியைக் கவனிப்பது, ஆஸ்பத்திரி கட்டி வரிசையில் நிற்கும் நோயாளிகளை அறைக்கு அறை அனுப்பிக் குணமாக்குவது. பகலெல்லாம் தொடக்கப்பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துத் தொண்டை வறண்டு வருகிறவள், சோற்றை அடுப்பில் ஏற்றிய கையோடு அந்த இன்னொரு வேலைக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள்.

"இங்க பார்க்கிற வேலை போதலைன்னு அங்கயும் போய்ப் பார்க்கணுமா?" என்பார் கணவர் கானிம்.

"அங்க பார்த்தா வேலை முடியுதே" என்பாள்.

அவளுடைய விளையாட்டுகளில் மிகப் பழையது பண்ணை. பிரௌசரைத் திறந்தால் ஒரு மர வீடு, முன்னால் ஒரு சாலை, சுற்றிலும் சதுரம் சதுரமாக வயல்கள். கோதுமைக்கு ஒரு நேரம், கேரட்டுக்கு ஒரு நேரம், பூசணிக்கு ஒரு நேரம். விதைத்துவிட்டுப் போய் வந்தால் விளைந்திருக்கும். பக்கத்துப் பண்ணைக்காரர் யாராவது வந்து தண்ணீர் ஊற்றினால் விளைச்சல் கூடும். யாரும் வராவிட்டால் வாடும். ஆரம்பத்தில் உறவுக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பக்கத்துப் பண்ணைகளில் இருந்தார்கள். ஒவ்வொருவராகச் சலித்துப் போய் விட்டுவிட்டார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு பக்கத்துப் பண்ணை. அது அவளுடைய அண்ணன் மிஜ்பிலுடையது. அவன் ஸ்வீடனில் இருந்தான்.

அண்ணனும் தங்கையும் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஆனால் ஒருநாள் தவறாமல் அவள் வயலுக்கு அவன் தண்ணீர் ஊற்றினான், அவன் வயலுக்கு அவள் ஊற்றினாள். கேட்டால் சிரிப்பீர்கள். அந்தக் குடும்பத்துக்காரர்களைத் தெரிந்திருந்தால் சிரிக்க மாட்டீர்கள்.

சண்டை தகப்பனார் சாவில் வந்தது. அவர் நெஞ்சுச் சளியோடு படுத்திருந்த குளிர்காலத்தில் மிஜ்பில் ஸ்வீடனில் தங்கும் அனுமதிக்குக் காத்திருந்தான். வெளிநாட்டில் கிடப்பவனிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். சொன்னால் பாவம், தனியாக அங்கே என்ன செய்வான், ஒரு வாய் சோறு இறங்குமா என்று ஒரு கரிசனம். நாசமாய்ப் போன கரிசனம் என்பேன் நான். அவன் போன் போட்ட போதெல்லாம் "வாப்பா தூங்குறாங்க", "வாப்பா பள்ளிவாசலுக்குப் போயிருக்காங்க" என்று நஜாத் சொன்னாள். சொல்லச் சொன்னது உம்மா. வாப்பாவை நஜஃப் நகரத்துப் புனித இடுகாட்டுக்குக் கொண்டுபோய் அடக்கிய மறுநாள், உறவுக்காரப் பையன் ஒருவன் ஃபேஸ்புக்கில் ஒரு படம் போட்டான். தெருவை அடைத்துப் பெரிய பழுப்புக் கூடாரம், உள்ளே வரிசை வரிசையாக வெள்ளை நாற்காலிகள், வாசலில் கசப்புக் காப்பி ஊற்றுகிறவன். பின்னால் ஒரு பச்சை இரும்புக் கதவு. அந்தக் கதவுக்குச் சின்ன வயதில் பச்சைச் சாயம் அடித்தவனே மிஜ்பில்தான். தகப்பன் செத்ததை அவன் அப்படித்தான் தெரிந்துகொண்டான்.

அன்று போனில் ஒரே வார்த்தைதான் சொன்னான். "எனக்குத் தங்கச்சி கிடையாது." அதோடு போன், ஃபேஸ்புக் என்று எல்லா இடத்திலும் அவளை பிளாக் செய்தான். மறைக்கச் சொன்னது உம்மாதான் என்று நஜாத் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. உம்மாவிடம் மட்டும் பெருநாளுக்குப் பெருநாள், எண் தெரியாத போனிலிருந்து இரண்டு நிமிஷம் பேசுவான். "நல்லா இருக்கியா உம்மா?" "நல்லா இருக்கேன் மகனே." அவ்வளவுதான்.

பண்ணையை மட்டும் அவன் விடவில்லை. அதில் செய்தி எழுதும் பெட்டியை அவளுக்கு மூடி வைத்திருந்தான். ஆனால் பக்கத்துப் பண்ணைக்காரர் பட்டியலில் இருந்து அவளை எடுக்கவில்லை. வாப்பா இறந்த வருஷம் இருவருமே தங்கள் பண்ணை வீட்டுக் கதவுக்குப் பச்சைச் சாயம் வாங்கிப் பூசினார்கள், ஒருவரையொருவர் கேட்காமலே. பெருநாளில் அவன் ஓர் ஆட்டுக்கிடாய் அனுப்புவான். அவள் ஒரு வாத்து அனுப்புவாள். ஒரு தரம் அவள் மூன்று நாள் ஜுரத்தில் படுத்து எழுந்து பார்த்தபோது, வாடியிருக்க வேண்டிய பூசணி எல்லாம் பச்சைப்பசேல் என்று நின்றது. மேல்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கழுதை" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். கோபம் தீர்ந்ததென்று ஒத்துக்கொள்ள இருவருக்கும் வீம்பு இடம் கொடுக்கவில்லை. ஆனால் தண்ணீர் ஊற்றுவதில் கௌரவம் போய்விடாதே.

இப்படியே இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். அந்தக் கோடையில் உம்மா படுக்கையில் விழுந்தாள்.

தாயை மூத்த மகன் பெயரால் அழைப்பதுதானே வழக்கம். குளிப்பாட்டியதும் ஊட்டியதும் பீத்துணி மாற்றியதும் நஜாத். ஆஸ்பத்திரிக்காரர்கள் உம்மாவைக் கூப்பிட்டது மட்டும் உம் மிஜ்பில், அதாவது மிஜ்பிலின் தாய், என்று. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வயசான உடம்பு, ஊசிக்கும் மெஷினுக்கும் தாங்காது, வீட்டுக்குக் கூட்டிப் போய் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வீட்டில் முன்னறையில், ஏர்கூலர் காற்று படும் இடத்தில் கட்டிலைப் போட்டார்கள். அடுத்த அறையில் கம்ப்யூட்டர்.

உம்மா வலியைக் கேட்கவில்லை, மருந்தைக் கேட்கவில்லை. கண் விழித்தால் ஒரே கேள்வி.

"மிஜ்பில் போன் பண்ணானா?"

"பண்ணான் உம்மா. நீ தூங்கிட்டிருந்தே."

"எழுப்பியிருக்கக் கூடாதா?"

முதல் நாள் அந்தக் கேள்விக்கு நஜாத்திடம் பதில் இருந்தது. நாலாவது நாள் கொல்லைப்புறம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் ஒரு மாசம் இருந்தது. அதற்குமுன் அவன் கூப்பிட மாட்டான். அதுவரை உம்மா தாங்க மாட்டாள். வாப்பா விஷயத்தில் மறைத்த குற்றம் தலையில் இருக்கிறது; இந்தத் தடவையாவது உயிர் இருக்கும்போதே அவனுக்குத் தெரிய வேண்டும், அவன் குரல் இந்தக் காதில் விழ வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஸ்வீடனில் மால்மோ நகரத்தில் இருந்த உறவுக்காரருக்குப் போன் போட்டாள். "அவன் இங்க இல்லையே, வடக்கே எங்கயோ லாரி ஓட்டுறானாம், யார்கிட்டயும் நம்பர் குடுக்கலை" என்றார். இன்னொருவரைக் கேட்டாள். அவரும் அதையே சொன்னார். அவன் நாசிரியாவை மட்டும் அல்ல, நாசிரியாக்காரர்கள் எல்லோரையுமே தலை முழுகியிருந்தான், அந்தப் பண்ணை ஒன்றைத் தவிர.

பண்ணையில் அவனிடம் எதைச் சொல்ல முடியும்? கோதுமையையும் கேரட்டையும் வைத்துக்கொண்டு எதைச் சொல்வது? ஆனாலும் அங்கேயேதான் போய் உட்கார்ந்தாள். உம்மா கண்ணயர்கிற நேரத்தில் கை தானாக விதைத்தது, அறுத்தது. அப்போது விளையாட்டில் ஏதோ கோடை உல்லாசப் பயணம் என்று ஒரு கொண்டாட்டம் நடந்தது. நிறைய அறுவடை செய்தவர்களுக்குப் பரிசு. அவளுக்கு ஒரு பெரிய கூடாரம் கிடைத்தது. அதை வைத்தால் சுற்றியுள்ள வயல் சீக்கிரம் விளையும் என்று எழுதியிருந்தது. கூடவே வெள்ளை நாற்காலிகள், பானம் வைக்கிற ஒரு மேசை. அவ்வளவு பெரிய கூடாரத்துக்கு வீட்டு முன்னால் சாலையோரத்தில்தான் இடம் இருந்தது. அங்கே வைத்தாள். நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள், கணக்கு டீச்சருக்குக் கோணல் மாணல் பிடிக்காது. உள்ளிருந்து உம்மா முனகினாள். எழுந்து ஓடினாள். அன்று உம்மா நினைவே மனசை அடைத்திருக்காவிட்டால், தான் என்ன செய்திருக்கிறோம் என்று பார்த்திருப்பாள்.

மறுநாள் அவள் கோதுமைக்குத் தண்ணீர் விழவில்லை. அடுத்த நாளும் விழவில்லை.

"பரீட்சை நடக்குதுல்ல, காலைல நெட்டை நிறுத்திடறாங்க, அதான்" என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். மாணவர்கள் பார்த்து எழுதக் கூடாதென்று நாடு முழுக்க நெட்டை நிறுத்துகிற கூத்து எங்களுக்குப் பழகிப்போனதுதான்.

"ஸ்வீடனுக்குமா நம்ம பரீட்சை?" என்றார் கானிம், தேநீரை ஆற்றிக்கொண்டே.

அவள் உடனே உட்கார்ந்து மிஜ்பில் பண்ணையைத் திறந்தாள். அங்கே ஒன்றும் இல்லை. வயல் எல்லாம் அறுத்து வெறும் மண். காற்றாலை இல்லை, ஊஞ்சல் இல்லை, அவள் ஒவ்வொரு பெருநாளுக்கும் அனுப்பிய வாத்துகளைக் கூண்டில் அடைத்திருந்தான். பூஞ்செடிகளைக்கூடப் பிடுங்கியிருந்தான். புதிதாக ஒன்றே ஒன்று மட்டும் இருந்தது. வாசலுக்கு வெளியே, சாலை ஓரமாக ஒரு மண் தண்ணீர்ஜாடி.

விளையாட்டை விட்டுவிட்டான் என்று நினைத்தாள். அடுத்த நொடி அவன்தான் செத்துவிட்டானோ என்று நினைத்தாள். இந்த இரண்டில் எது ஆனாலும் உம்மாவுக்கு மகன் குரல் கிடையாது. நாற்காலியில் அப்படியே கிடந்தாள். உள்ளே ஏர்கூலர் தண்ணீர் இல்லாமல் கரகரத்தது. "மிஜ்பில் போன் பண்ணானா?" என்று உம்மா கேட்டாள்.

கானிம் ஏர்கூலருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஈரக்கையோடு வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். அவள் தன் பண்ணைக்குத் திரும்பியிருந்தாள். மனிதர் விளையாட்டையே திரும்பிப் பார்க்காதவர். திரையைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"யாருக்கு ஃபாத்திஹா?"

"என்ன?"

"துக்கக் கூடாரம் போட்டு வச்சிருக்கியே. யார் மவுத்து?"

நஜாத் பார்த்தாள். பழுப்புக் கூடாரம், தெருவை அடைத்து. வரிசை வரிசையாக வெள்ளை நாற்காலிகள். வாசலில் காப்பி மேசை. பின்னால் பச்சைக் கதவு. வேறு ஊர்க்காரன் பார்த்தால் உல்லாசப் பயணம் என்பான். ஆனால் மிஜ்பில் இதே கூடாரத்தை, இதே கதவை ஒரு தரம் பார்த்தவன். வாப்பாவை இழந்த செய்தி அவனுக்கு இப்படித்தான் வந்தது. இப்போது சொல்வார் இல்லாமல் உம்மா செய்தியும் வந்துவிட்டது என்று எண்ணியிருக்கிறான். மறுபடியும் மறைத்துவிட்டார்கள், மறுபடியும் கூடாரத்தைக் காட்டித் தெரிய வைக்கிறார்கள் என்று எண்ணியிருக்கிறான்.

அந்தத் தண்ணீர்ஜாடி அப்போதுதான் புரிந்தது. செத்தவர் பேரில் போகிறவர் வருகிறவர் குடிக்க வாசலில் தண்ணீர் வைக்கிறோமே, அது. உம்மா பேரில் வைத்திருக்கிறான். துக்க வீட்டில் டிவி பாடாது, விளையாட்டு நடக்காது. நாற்பது நாளைக்கு அவன் அந்தப் பண்ணைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். பெருநாளுக்கும் கூப்பிட மாட்டான். செத்தவளுக்கு யார் போன் போடுவார்கள்?

"நானே கொன்னுட்டேன்" என்றாள் நஜாத். "உசுரோட இருக்கிறவளை நானே அடக்கிட்டேன்."

"மெதுவா பேசு, காதுல விழப்போவுது" என்றார் கானிம்.

கூடாரத்தைப் பிடுங்கினாள். நாற்காலிகளைப் பிடுங்கினாள். சாலையோரம் முழுக்கச் சூரியகாந்தி நட்டாள். யார் பார்க்க? செய்திப் பெட்டியில் 'உம்மா இருக்கிறாள்' என்று எழுதி அனுப்பினாள். தடுக்கப்பட்டது என்று திரும்பி வந்தது. வேறு பேரில் புதுப் பண்ணை தொடங்கி அவனுக்குப் பக்கத்துப் பண்ணையாக விண்ணப்பித்தாள். அதை ஏற்க அவன் உள்ளே வர வேண்டுமே. அவன் ஒருவரைக் கேட்டிருக்கலாம், ஒரே ஒரு போன் போட்டு உண்மையா என்று விசாரித்திருக்கலாம். விசாரிக்கிற ரகமாக இருந்தால் அந்த வீட்டுக்கு இத்தனை துன்பம் ஏன் வருகிறது? உம்மா இப்போது கஞ்சியையும் மறுத்துவிட்டாள். பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தால் நாக்கை நீட்டித் தொட்டாள். கேள்வி கேட்கும் குரலும் தேய்ந்து, வெறும் உதடு மட்டும் 'மிஜ்பில்' என்று அசைந்தது.

மறுநாள் பகலில் நஜாத் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து உம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கால் வீங்கி, விரல் வைத்த இடம் குழிந்து அப்படியே நின்றது. அப்போது பழைய சங்கதி ஒன்று ஞாபகம் வந்தது. பாட்டனார் இறந்து நாற்பது முடியாத நேரம், எதிர்வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்கு வாசலில் வண்ண விளக்கு கட்டிவிட்டார்கள். துக்க வீட்டைக் கேட்காமல் விளக்குப் போடுவது எங்கள் தெருவில் முகத்தில் துப்புவதற்குச் சமம். பெரியவர்கள் போய்ப் பேசலாம் என்றார்கள். மீசை முளைக்காத மிஜ்பில் யாரையும் கேட்கவில்லை. சுவரில் ஏறி விளக்குச் சரத்தை அறுத்து, மாப்பிள்ளைவீட்டார் அத்தனை பேரையும் தொண்டை கிழியத் திட்டினான். தெருவே வேடிக்கை பார்த்தது.

நஜாத் காலை மெல்லக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

விளையாட்டில் விழா சாமான் என்று ஒரு பகுதி உண்டு. அவள் ஒருநாளும் தொட்டதில்லை. பச்சை, சிவப்பு, மஞ்சள் விளக்குச் சரங்களை எடுத்து வீட்டுக்கூரையில் கட்டினாள், வேலியில் கட்டினாள், மரத்துக்கு மரம் கட்டினாள். கல்யாண வளைவு ஒன்று, மேளம் அடிக்கிற பொம்மை ஒன்று. பிறகு கீழே இருந்த பொத்தானை அழுத்தினாள். 'நஜாத்தின் பண்ணையில் கொண்டாட்டம், நீங்களும் வாருங்கள்' என்று விளையாட்டே எழுதி வைத்திருக்கிற அழைப்பு; அது பக்கத்துப் பண்ணைக்காரருடைய மின்னஞ்சலுக்குத் தானாகப் போகும். உள்ளே வராதவனையும் அது தேடிப் போகும்.

கானிம் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். "உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? அத்தை அந்த நிலைமையில கெடக்கிறாங்க, இங்க மேளம் அடிக்கிறே?"

"அவன் பாசத்துக்கு வரமாட்டான். ஒன்பது வருஷமா பார்த்துட்டேன்" என்றாள் நஜாத். "கோபத்துக்கு வருவான்."

"வரலைன்னா? உன்னைப் பத்தி என்ன நெனைப்பான்?"

"நெனைக்கட்டும். இதுக்கு மேல என்னைப் பத்தி நெனைக்க என்ன பாக்கி இருக்கு?"

அன்று மூன்று தரம் அழைப்பு அனுப்பினாள். மறுநாள் விடியலில் நெட் இல்லை. தாய் சாகக் கிடக்கையில் யாரோ பிள்ளைகள் எழுதும் பரீட்சைக்காகத் தன் கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்களே என்று அரசாங்கத்தை வாய்க்கு வந்தபடி ஏசினாள். நெட் வந்ததும் மறுபடி அனுப்பினாள். ஒவ்வொரு தரம் பொத்தானை அழுத்தும்போதும் உடம்பு கூசியது. பொம்மை மேளம் அடித்தது, விளக்குகள் மினுங்கின, முன்னறையில் உம்மாவின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. சத்தத்தை நிறுத்திவிட்டு அழைப்பை அனுப்பினாள். தன்னைப் போல ஒரு கேடுகெட்ட மகள் ஊரில் இருப்பாளா என்று நினைத்துக்கொண்டே அனுப்பினாள்.

பிற்பகலில், அஸர் தொழுகைக்கு முன்னால் போன் அடித்தது. எண் காட்டாத அழைப்பு.

"வெக்கமா இல்லை உனக்கு?" ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அண்ணனின் குரல் இப்படித்தான் வந்தது. "நீயெல்லாம் ஒரு பொம்பளையா? உம்மா மண்ணு இன்னும் காயலை, அதுக்குள்ள வௌக்குப் போட்டுக் கொண்டாடுறியா? எனக்கு அழைப்பு வேற அனுப்புறியா? வாப்பாவை மறைச்சே, வாயை மூடிட்டிருந்தேன். உம்மாவையும்..."

வாயை மூடிக்கொண்டிருந்தானாம். நஜாத் மறுபேச்சுப் பேசவில்லை. 'அண்ணே' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் வைத்துவிடுவானோ என்று பயந்தாள். போனை ஒலிபெருக்கியில் போட்டாள். முன்னறைக்கு ஓடிப்போய்த் தலையணைமேல், உம்மாவின் காதோரமாக வைத்தாள். போனில் வசவு கொட்டிக்கொண்டே இருந்தது.

"...எத்தனை நாளாச்சு சொல்லு. எங்க அடக்கினீங்க? அதையாவது சொல்வியா மாட்டியா?"

உம்மாவின் இமை அசைந்தது. பிறகு கண் திறந்தது. இரண்டு நாளாகச் சத்தம் வராத தொண்டையிலிருந்து சத்தம் வந்தது.

"மிஜ்பில்லு. ஏண்டா கத்துறே?"

போனில் பேச்சு நின்றது. லாரியோ எதுவோ உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

"சாப்பிட்டியா?" என்றாள் உம்மா.

அந்தப் பக்கம் ஒரு ஆண்பிள்ளை வாயில் கையை வைத்து அடைத்துக்கொண்டு அழுவது கேட்டது.

"என்னமோ மண்ணு, அடக்கம்ங்கிறே." உம்மா ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்தாள். "யார்ரா செத்தது? என்கிட்ட மறைக்காதே."

"யாருமில்லை உம்மா" என்றான் மிஜ்பில். "யாரும் சாகலை. எல்லாரும் நல்லா இருக்காங்க."

"ம்" என்றாள் உம்மா. அவளுக்கு அது போதுமாக இருந்தது. அவன் பேசிக்கொண்டே போனான், அங்கே வெயில் அடிக்கிறது, ராத்திரியிலும் இருட்டுவதில்லை, சோறு தானே ஆக்கிக்கொள்கிறேன், இங்கே கிடைக்கிற பேரீச்சம்பழம் வாயில் வைக்க விளங்காது என்று. உம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தூங்கிய பிறகும் அவன் நிறுத்தவில்லை. நஜாத்தான் போனை எடுத்தாள்.

"தூங்கிட்டாங்க" என்றாள்.

போனோடு அடுத்த அறைக்குப் போனாள்.

"கூடாரம் போட்டிருந்தியே" என்றான் அவன்.

"பரிசா வந்துது. சீக்கிரம் வெளையும்னு வச்சேன். புத்தியில்லாம வச்சுட்டேன் அண்ணே."

"எவ்வளவு நாள் தாங்கும்?"

இதைத்தான் மறைக்க வேண்டும் என்று நாக்கு பழகியிருந்தது. "நாள் கணக்குதான்" என்றாள். "வந்து சேர முடிஞ்சா வா. முடியலைன்னா தெனமும் பேசு."

"லாரியை ஒப்படைச்சுட்டு, பயணத்துக்குத் தாளு எழுதி..." என்று இழுத்தான். அவன் வந்து சேர மாட்டான் என்பது இருவருக்கும் தெரிந்தது. "தெனமும் பேசுறேன். அந்தப் பச்சை வௌக்கை எடுத்துடு, கண்ணைக் குத்துது."

"எடுக்க மாட்டேன். இனிமே எதையும் மறைக்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்? வௌக்கு எரியிற வரைக்கும் உம்மா இருக்கான்னு வச்சுக்க."

அன்று சாயங்காலம் அவளுடைய சூரியகாந்திக்குத் தண்ணீர் விழுந்திருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அவன் கூப்பிட்டான். முதலில் உம்மா 'ம்' கொட்டினாள். பிறகு கேட்டாளோ கேட்கவில்லையோ, அவன் குரல் வந்தால் நெற்றிச் சுருக்கம் மட்டும் தளர்ந்தது. கல்யாண விளக்குகள் பண்ணையில் இரவும் பகலும் மினுங்கின. மிஜ்பில் லாரியை நிறுத்துகிற இடத்திலெல்லாம் பண்ணையைத் திறந்து பார்த்தானாம்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் உம்மா போய்விட்டாள். கானிம் நஜஃபுக்கு வண்டி பேச வெளியே ஓடினார். பெண்கள் வந்து உம்மாவின் தாடையைக் கட்டினார்கள். நஜாத் போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். அவனுடைய நம்பர் இப்போது அதில் இருந்தது. சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த வீட்டில் யாருக்குமே அது வந்ததில்லை.

கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். மரத்தில் கட்டிய விளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். வேலியில் இருந்ததை எடுத்தாள். மேளக்காரப் பொம்மையை எடுத்தாள். கண்ணீர் மறைத்ததால் கூரைச் சரம் கைக்கு அகப்படவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அதைத் தேடினாள். பச்சைக் கதவுக்கு மேலே தொங்கிய கடைசிச் சரத்தை அவள் எடுப்பதற்குள் போன் அடித்தது.